போடாமல் விட்ட நாலு துளை

கறையானைக் கொல்வது என் பிழைப்பு. இருபத்திரண்டு வருடமாக மலேசியாவில், ஈப்போ நகரைச் சுற்றியுள்ள வீடுகளில் தரையைத் துளைத்து மருந்து இறக்கிக்கொண்டிருக்கிறேன். என் வேனின் பக்கவாட்டில், கால்களை விரித்து மல்லாந்து கிடக்கும் ஒரு கறையானின் படம் இருக்கிறது. அதை வரைந்தவன் ஆறு கால் பூச்சிக்கு எட்டுக் கால் போட்டுவைத்திருக்கிறான். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொல்கிறவனுக்கு அதன் காலையாவது எண்ணத் தெரிய வேண்டாமா?

இந்தத் தொழிலில் இருப்பவன் கறையானைப் பார்த்து வியக்கக் கூடாது. எனக்கு அந்தக் கெட்ட பழக்கம் முதல் வருடமே ஒட்டிக்கொண்டது. எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றை வீடு கட்டுவதற்காக வெட்டிக்கொண்டிருந்தார்கள். மண்வாரி இயந்திரம் ஆள் உயரப் புற்று ஒன்றை நடுவில் பிளந்து போட்டிருந்தது. உள்ளே அறை அறையாக இருந்தது. ஒவ்வோர் அறையிலும் பஞ்சு போன்ற ஒன்று. காய்ந்த இலையை மென்று துப்பி, அதன்மேல் காளான் பயிரிட்டு, அதைத் தின்று வாழ்கின்றன என்று மேற்பார்வையாளர் சொன்னார். கையை உள்ளே விட்டேன். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். உள்ளே ஈரமாக, மிதமான சூட்டில், குழந்தைக்கு ஊற்றும் வெந்நீரைப் போல இருந்தது. காற்று ஏறி இறங்க வழி வைத்திருந்தன. நடுவில் களிமண் பெட்டிக்குள் ராணி, என் கட்டைவிரல் பருமனுக்கு, அசைய முடியாமல் கிடந்தது.

ஒரு கறையான் அரிசி அளவுகூட இருக்காது. வேலைக்காரக் கறையானுக்குக் கண் கிடையாது. வெயில் பட்டால் காய்ந்து செத்துப்போகும். இந்த லட்சணத்தில் இதையெல்லாம் கட்டியிருக்கின்றன. நான் வாயைப் பிளந்து நின்றேன். பிறகுதான் உடைந்த ஓரத்தைக் கவனித்தேன். ஊரே இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. அவை ஓடவில்லை, ஒளியவில்லை. ஒவ்வொன்றும் ஒரு மண் உருண்டையை வாயில் கொண்டுவந்து, எச்சில் தொட்டு, ஓரத்தில் ஒட்டிவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அடுத்தது வந்தது. அதற்கடுத்தது வந்தது. அதைப் பார்த்தபோதுதான் முதன்முதலாக எனக்கு அவற்றிடம் பயம் வந்தது.

நம் ஊரில் கறையானில் எத்தனையோ வகை. பிழைப்புக்கு இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். புற்று கட்டுகிற வகை பெரும்பாலும் இலை தழை, மட்கிய கட்டை என்று வெளியிலேயே வயிற்றைக் கழுவிக்கொள்ளும். இன்னொரு வகை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றும் கட்டாது. மண்ணுக்கடியில் வந்து, சுவருக்குள் ஏறி, வீட்டை உள்ளிருந்து தின்னும். அதன் காவலாளியைச் சீண்டினால் தலையிலிருந்து வெள்ளையாக ஒரு துளி கசியும். அந்தத் துளியைப் பார்த்தால் நான் வீட்டுக்காரரிடம் சிரித்துப் பேசுவதை நிறுத்திவிடுவேன்.

என் அக்காவின் வீடு கோப்பெங் ஊரைத் தாண்டி, ரப்பர்ப் பால் வெட்டிய ஒரு பழைய பால்மரத் தோட்டத்தின் எல்லையில் இருக்கிறது. தோட்டம் செம்பனையாக மாறிப் பல காலம் ஆகிறது. வீடு இடுப்பளவுக்குக் கல், அதற்குமேல் பலகை, தலையில் தகரம். நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அக்கா, ஹுத்தான் மெலிந்தாங் என்ற ஊரிலிருந்து மீன் ஏற்றி வரும் லோரி ஓட்டுநர் ஒருவரை விரும்பிக் கட்டிக்கொண்டாள். அவர்கள் வீட்டில் அம்மன்தான் எல்லாம். கல்யாணத்தன்று காலையில் அப்பா புதுச்சட்டை போட்டுக்கொண்டு வாசல்வரை வந்தார். "மண்ணக் கும்பிடுற வீட்டுல எனக்கு என்ன வேலை?" என்று சொல்லிவிட்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கண்ணை மூடும்வரை அவள் வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து நான் ஒருவன்தான் போய் வந்துகொண்டிருந்தேன். நண்டுக் குழம்புக்காகப் போகிறேன் என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொள்வேன்.

பல வருடம் கழித்து அக்கா வீட்டுக்காரருக்கு, என் மச்சானுக்கு, ஸ்ட்ரோக் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அவ்வளவு பெரிய லோரியை ஒற்றைக் கையால் வளைக்கிற மனிதர், ஹாலில் ஒரு கட்டிலில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டார். அசைந்தது இடது கை மட்டும்தான். சரியாக ஒரு மாதம் கழித்து, அடுப்படிச் சுவருக்கு வெளியே, மண்ணிலிருந்து ஒரு புற்று கிளம்பியது. நான் போய்ப் பார்த்தபோது சோற்றுப் பானை உயரம் இருந்தது. அக்கா அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை செருகியிருந்தாள்.

அவள்தான் என்னை வரச்சொல்லிக் கூப்பிட்டிருந்தாள். அக்காவை மூடநம்பிக்கைக்காரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, அவள் கெட்டிக்காரி. "தம்பி, பக்கத்து வீட்டுக் கதவு நெலையெல்லாம் அனாய்-அனாய் தின்னு தீத்துருச்சாம்லா. நம்ம வீடு பாதி பலகை. வந்து மருந்து போட்டுக் குடு" என்றாள். கறையானுக்கு மலாயில் அனாய்-அனாய் என்று பெயர்.

எங்கள் வேலையின் விதி ஒன்றுதான். வீட்டைச் சுற்றி ஓர் அடிக்கு ஒரு துளை போட வேண்டும். துளைக்குள் மருந்தை இறக்க வேண்டும். மண்ணுக்குள் அது பரவி, வீட்டைச் சுற்றி ஒரு வளையமாகிவிடும். வளையம் எங்கேயும் அறுபடக் கூடாது. அறுபட்டால், போட்ட மற்ற துளைகளெல்லாம் வெட்டி வேலை. புதிதாக வேலைக்கு வருகிற ஆட்களுக்கு நான் இதைத் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

மூன்று பக்கம் முடித்துவிட்டு டிரில்லைத் தூக்கிக்கொண்டு அடுப்படிப் பக்கம் வந்தேன். அக்கா புற்றுக்கு முன்னால் நின்றாள். கையில் பால் செம்பு.

"இந்த எடத்துல மட்டும் வேணாம்லா தம்பி."

"அக்கா, சுத்தி வரணும். நடுவுல விடக் கூடாது."

"அவரு படுத்த ஒரு மாசத்துல வந்துருக்கா. இவருக்காகத்தான் வந்துருக்கா. அவ காலடியில நானே வெஷம் வைக்கவா? நீயே சொல்லு."

சொல்ல வேண்டியதுதான். புற்றுக் கறையான் உன் வீட்டைத் தொடாது, அது பாட்டுக்கு இருக்கட்டும், ஆனால் இந்த இடைவெளி வழியாக வேறொன்று வரும் என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். ஆணியில் தொங்கிய அந்தப் புதுச்சட்டை கண்ணில் வந்து நின்றது. நான் எது சொன்னாலும் அப்பா சொன்னதுபோலத்தான் அவள் காதில் விழும் என்று தோன்றியது. "சரிக்கா" என்றேன். நாலு துளை. நாலே நாலு துளைதான் விட்டேன். வேலைத் தாளில் வீட்டின் படத்தை வரைந்து, அதைச் சுற்றி முழு வட்டமாகவே கோடு போட்டு, "பத்து வருஷத்துக்குக் கவலையில்லக்கா" என்று அவளிடம் நீட்டினேன். அந்தக் கோட்டைப் போட்ட என் கையை உடைக்க வேண்டும்.

மனசு உறுத்தினால் நான் அதிகமாகப் பேசுவேன். அன்றும் அப்படித்தான். பெரிய வித்தைக்காரன் மாதிரி, "அக்கா, இங்க வா, ஒண்ணு காட்டுறேன்" என்று அவளைப் புற்றருகில் உட்காரவைத்தேன். விரல் முட்டியால் புற்றை மூன்று தட்டுத் தட்டி, "காதை வையி" என்றேன். உள்ளே காவல் கறையான்கள் ஆபத்து வந்தால் தலையைத் தரையில் மோதும். ஒன்று மோதினால் பக்கத்தில் உள்ளது மோதும், அப்படியே புற்று முழுக்கச் செய்தி ஓடும். சரசரவென்று மணலைக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் எழுந்து, பரவி, அடங்கும். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அக்கா காதை எடுத்தபோது அவள் கண் நிறைந்திருந்தது. "சலங்கை" என்றாள்.

இல்லை, அது தலையால் மோதுகிற சத்தம் என்று விளக்க எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு நண்டுக் குழம்பும் வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

சில மாதத்தில் புற்று இடுப்பளவு வளர்ந்தது. அக்கா அதற்கு ஒரு பந்தல் போட்டாள். தோட்டத் தொழிலாளர்கள் இருந்த பழைய லயத்தை இடித்தபோது கிடைத்த பலகைகளைச் சேர்த்துவைத்திருந்தாள். கால்களை மண்ணில் நேராக நட்டு, மேல் சட்டத்தை வீட்டுப் பலகைச் சுவரோடு ஆணி வைத்து அடித்திருந்தார்கள். மண்ணில் நட்ட மரம், வீட்டைத் தொடுகிற மரம், அதன் காலடியில் தினமும் ஊற்றுகிற பால், இளநீர், மஞ்சள் தண்ணீர். கறையானுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால்கூட இவ்வளவு மரியாதை இருக்காது. பந்தல் பூசைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாள். எனக்கு எல்லாம் தெரிந்தது. வாழையிலையில் வைத்த பொங்கலைச் சாப்பிட்டேன். "நல்லாருக்கு அக்கா, பந்தல் நல்லாருக்கு" என்றேன்.

அதற்குப் பிறகு போகும்போதெல்லாம் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டது. ஒரு நாள் ஜன்னல் விளிம்பில் உதிர்ந்த இறக்கைகள், ஒரே அளவில், கண்ணாடி போல. மழைக்கு வெளியிலிருந்து விளக்கைத் தேடி வந்த ஈசலாக இருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஒரு நாள் அடுப்படிக் கதவு நிலையில் இடித்தது. மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்றேன். வேறு யார் வீடாவது இருந்தால் அந்த நிமிடமே ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தட்டியிருப்பேன். தட்டினால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அந்த நாலு துளையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். பயந்தேன். வேறு காரணம் ஒன்றுமில்லை.

பிறகு அக்கா ஒரு விரதம் தொடங்கினாள். நாற்பத்தெட்டு நாள் தவறாமல் புற்றுக்குப் பால் ஊற்றுவது. அதுவரை மச்சானை வாசற்படி தாண்ட விடுவதில்லை. நாற்பத்தெட்டாம் நாள் அவரைப் பந்தலுக்குத் தூக்கிவந்து புற்று மண்ணை அவர் காலில் பூசுவது. கால் எழுந்துவிடும் என்று அவளுக்கு அவ்வளவு உறுதி. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையையும் அவள் ஒரு வேளை தவறவிடவில்லை.

நாற்பத்தைந்தாம் நாள் நான் அந்தப் பக்கம் ஒரு வேலையை முடித்துவிட்டு, மத்தியானம் மூன்று மணி வாக்கில் அங்கே போனேன். புழுக்கம் தாங்க முடியவில்லை. சுண்ணாம்புக் குன்றுகளுக்குப் பின்னால் மேகம் கறுத்துத் திரண்டிருந்தது. ஒரு இலை அசையவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் ஹால் சுவரில் பெயின்ட் லேசாக அலையடித்த மாதிரி தெரிந்தது. சும்மா கட்டைவிரலால் அமுக்கினேன். தேநீரில் ஊறிய பிஸ்கட் போல விரல் உள்ளே போய்விட்டது. பெயின்டுக்குப் பின்னால் பலகை இல்லை. ஒன்றுமே இல்லை. மரத்தை முழுக்கத் தின்றுவிட்டு, தங்களை வெளிச்சத்திலிருந்து காப்பாற்றுகிற அந்தத் தோலை மட்டும் ஒரு கீறல் இல்லாமல் விட்டுவைத்திருந்தன.

என்ன ஒரு வேலை! கண்ணில்லாத ஜென்மங்களுக்கு எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. ஓட்டையை விரித்துப் பார்த்தேன். எஞ்சியிருந்த மரம் தாள் தாளாக, அடுக்கடுக்காக நின்றது. ஒரு காவலாளி வெளியே வந்து என் நகத்தைக் கடித்தது. அதன் தலையில் வெள்ளையாக ஒரு துளி.

நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பலகை எங்கே போய்ச் சேருகிறதோ அங்கேதான் நடு விட்டம் உட்கார்ந்திருந்தது. விட்டத்துக்கு நேர் கீழே மச்சானின் கட்டில். ஸ்டூலைப் போட்டு ஏறி, ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் விட்டத்தைத் தட்டினேன். காலி டின் சத்தம். கையைத் தள்ளித் தள்ளித் தட்டிக்கொண்டே போனேன். கடைசிவரை காலி டின்தான். நான் தட்டுவதை நிறுத்தியதும் மேலே உள்ளேயிருந்து டிக், டிக், டிக் என்று பதில் வந்தது.

மச்சான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையைத் தூக்கி விரலை நேரே மேலே நீட்டினார்.

"பாத்தியா?" என்று அக்கா பெருமையோடு சிரித்தாள். "ஒரு மாசமா இப்படித்தான் தம்பி. மேலயே கையக் காட்டிக்கிட்டு இருப்பாரு. சாமியக் கும்பிடுறாருலா. வெரதம் முடிய முடிய ரொம்ப ஜாஸ்தி." சொல்லிக்கொண்டே போர்வையைத் தட்டினாள். போர்வையிலிருந்து ரவை மாதிரி பொடி பறந்தது. "இது வேற. தெனம் மூணு தடவ தட்டுறேன். எங்கருந்துதான் வருதோ."

ஸ்டூலிலிருந்து இறங்கினேன். கறையான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, முகத்தில் பொடி விழ விழ, அந்த மனிதர் ஒரு மாதமாக அங்கே படுத்திருக்கிறார். ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வீட்டில் அதைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் நான். நான்தான் மேலே பார்க்காமல் கதவை மட்டும் இழுத்துச் சாத்திவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன்.

"அக்கா, மச்சான வெளிய தூக்கணும். இப்பவே."

"என்ன வெளாடுறியா? இன்னும் மூணு நாள் இருக்கு."

"விட்டம் போச்சுக்கா. உள்ள ஒண்ணுமே இல்ல. மழ வருது பாரு, தகரம் தாங்காது."

"நீதானே மருந்து போட்ட? நீதானே பத்து வருஷத்துக்குக் கவலையில்லன்னு சொன்ன?"

தப்புச் செய்தவனுக்குத்தான் கோபம் முந்திக்கொண்டு வரும். "மண்ணக் கும்பிட்டுக்கிட்டு உக்காந்துரு! மனுசன் செத்தா மண்ணு வந்து அழுமா?" என்று கத்திவிட்டேன்.

அக்கா அடி வாங்கினவள் போல நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அப்பா கொரல் அப்படியே இருக்கு ஒனக்கு."

வெளியே முதல் காற்று வந்தது. செம்பனை மட்டைகள் ஒன்றோடொன்று உரசின. விட்டத்தில் கிறீச்சென்று ஒரு சின்னச் சத்தம். கட்டிலில் இருந்த மச்சான் இடது கையால் என் சட்டையைப் பிடித்தார். பிடித்து இழுத்தார். கைநரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் வழிந்தது. அக்கா அந்தக் கையையே பார்த்தாள். பிறகு அவர் கண் போன திசையில், மேலே பார்த்தாள். போர்வையில் கிடந்த பொடியைப் பார்த்தாள். போர்வையை விலக்கிவிட்டு அவர் காலைத் தூக்கினாள்.

நான் தோளைப் பிடித்துக்கொள்ள, இருவருமாக அவரைத் தூக்கிக்கொண்டு வாசற்படியைத் தாண்டினோம். படி தாண்டும்போது மட்டும், "மூணு நாள்தானே தம்பி... மூணே நாள்" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். ரம்புத்தான் மரத்தடியில் நின்ற என் வேனில் முன் சீட்டைச் சாய்த்து அவரைக் கிடத்தினோம். அக்கா பின்னால், மருந்து டின்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தவும் மழை இறங்கியது. எதிரே இருந்த வீடு நிழல் போலத்தான் தெரிந்தது, அப்படி அடித்தது.

வீடு விழுந்தபோது நான் எதிர்பார்த்த மாதிரி பெரிய சத்தம் ஏதும் கேட்கவில்லை. விழுவதற்கு உள்ளே மரம் இருந்தால்தானே? நடுவில் தகரம் மெதுவாகக் குழிந்தது. குழியில் தண்ணீர் தேங்கியது. பிறகு அப்படியே உள்ளே உட்கார்ந்துவிட்டது. மழை கொஞ்சம் விட்டபோது ஜன்னல் வழியாகக் கட்டில் தெரிந்தது. அதன்மேல் தகரம் கிடந்தது, தலையணை இருந்த பக்கம் விட்டத்தின் ஒரு துண்டு.

அக்கா கைகூப்பினாள். "அவதான்டா காப்பாத்துனா. ஒன்ன இன்னிக்குப் பாத்து வரவச்சதே அவதான்."

இதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷனே இல்லை. கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. "அக்கா, புத்துப் பக்கம் நாலு தொளை விட்டேன்ல. அந்த வழியாத்தான் வந்துருக்கு. புத்துல இருக்குறது இல்ல, இது வேற சாதி. அப்பவே எனக்குத் தெரியும். பந்தல் போட்டப்பவும் தெரியும். சொல்லல" என்றேன்.

மழை வேனின் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"நீ விட்டது எனக்குத் தெரியாதா?" என்றாள் கடைசியில். "நான் கேட்டுத்தானே விட்ட. நம்ம வீட்டு ஆளுங்க இத்தன வருசத்துல என் சாமிக்குன்னு விட்டுக் குடுத்த எடம் அது ஒண்ணுதான் தம்பி. அன்னிக்கு ராத்திரி நான் தூங்கவே இல்ல, அவ்வளவு சந்தோசம்."

எனக்கு அழுகை பீறிட்டது. அவளாவது அழுவாள் என்று பார்த்தேன், அவள் அழவில்லை. மச்சான் கண்ணை மூடியிருந்தார்.

மழை நின்று, வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது புற்றிலிருந்து ஈசல் கிளம்பியது. முதலில் ஒன்றிரண்டு. பிறகு புகை போல. புற்றின் பக்கவாட்டில் சிறுசிறு வாய்கள் திறந்திருந்தன. ஒவ்வொரு வாயிலும் காவல் கறையான்கள் வட்டமாக நிற்க, நடுவிலிருந்து இறக்கை முளைத்தவை தள்ளிக்கொண்டு வெளியேறின. வருடத்தில் ஒன்றிரண்டு முறைதான் இப்படி நடக்கும். எந்த மழைக்கு, எந்த ஈரத்தில் கிளம்ப வேண்டும் என்று எல்லாப் புற்றுக்கும் ஒரே நேரத்தில் எப்படியோ தெரியும். இடிந்த வீட்டுக்கு மேல் அவை பறந்தன. அவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. அதே சமயம் மண்ணுக்குள் அந்த மற்ற சாதியும் தன் பருவத்துக்காகக் காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். கண்ணாடி இடுக்கு வழியாக ஒரு ஈசல் உள்ளே வந்து மச்சானின் மார்பில் உட்கார்ந்து, இறக்கையைக் கழற்றிப் போட்டுவிட்டு நடந்து போனது.

அன்று அவர்களை ஈப்போவில் என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மூன்று மாதம் இருந்தார்கள். மச்சானின் அண்ணன் தம்பிகளும் நானுமாகச் சேர்ந்து வீட்டைத் திருப்பி எழுப்பினோம். மரமே வேண்டாம் என்று இரும்புச் சட்டம் போட்டோம். கதவு, நிலை, ஜன்னல் மட்டும் பலகை. பந்தலைப் பிரித்து எரித்தோம். புற்று மட்டும் அப்படியே நின்றது. குடிபோவதற்கு முந்தின வாரம் நான் மருந்தோடு போனேன். மூன்று பக்கம் முடித்துவிட்டு, டிரில்லை அணைத்துவிட்டு, அக்காவைப் பார்த்தேன்.

"இந்தத் தடவ முழுசாப் போடு" என்றாள்.

"அக்கா, மருந்து மண்ணுல எறங்கும். புத்துக்கும்..."

"போடுன்னா போடு. அவரு கட்டில் இந்தச் செவத்தோரமாத்தான வருது."

சொல்லிவிட்டு முன்வாசலுக்குப் போய்விட்டாள். நான் நாலு துளையையும் போட்டேன். இந்தத் தொழிலில் எத்தனை ஆயிரம் துளை போட்டிருப்பேன். அந்த நாலைப் போட எனக்கு மற்ற மூன்று பக்கத்துக்கும் ஆன நேரம் ஆனது. மருந்துக்கு வாசனை கிடையாது. கறையானுக்கு அது இருப்பதே தெரியாது. அதன் வழியாக நடந்துபோய், ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்து, ஊட்டி, எல்லாவற்றுக்கும் பகிர்ந்துகொடுத்துவிடும். அவற்றின் ஒற்றுமைதான் அவற்றைக் கொல்லும். அப்படித்தான் அந்த மருந்தைச் செய்திருக்கிறார்கள்.

ஆறு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போனேன். மச்சான் புது ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கால் எழவில்லை. என்னைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கினார். மேலே காட்டவில்லை, எனக்குத்தான் வணக்கம் வைத்தார். அக்கா பின்பக்கம் இருந்தாள். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, செம்பில் பாலோடு புற்றுக்கு முன்னால் நின்றாள். புற்றில் புது மண் எங்கேயும் இல்லை. மழை அடித்த பக்கம் ஒரு ஓரம் கரைந்து, உள்ளே ஓர் அறை திறந்து கிடந்தது. அதை அடைக்க ஒன்றும் வரவில்லை.

"தம்பி" என்றாள் திரும்பாமல். "தட்டிப் பாரேன். சலங்கை கேக்குதான்னு."

மண்டியிட்டேன். விரல் முட்டியால் மூன்று தட்டுத் தட்டிக் காதை வைத்தேன். மஞ்சள் வாசனையும் புளித்த பால் வாசனையும் அடித்தன. உள்ளே ஒன்றும் இல்லை. என் காதுக்குள் இரத்தம் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. இன்னும் ஒரு முறை தட்டிவிட்டுக் காத்திருந்தேன்.

"கேக்குதுக்கா" என்றேன்.

அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் மண்டியிட்டாள். தட்டினாள். கன்னத்தைப் புற்றோடு சேர்த்துக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். பிறகு எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, செம்பை எடுத்துக்கொண்டாள்.

"ஆமா தம்பி, கேக்குது" என்றாள். என் முகத்தைப் பார்க்காமலேயே பாலை ஊற்றத் தொடங்கினாள்.